மயில் ஸ்பெஷல்

கதவுக்கு மேலே கட்டியிருந்த மணி அடித்ததும் துரூத் பழக்கத்தில் முகத்தைச் சிரிப்புக்கு மாற்றிக்கொண்டு, மெனு அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி, "குட் ஆஃப்டர்நூன் மேடம், எத்தனை பேர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் மேடம் யாரென்று பார்த்தான். கரும்பச்சைக் குளிர்கோட்டும், சாம்பல் நிற முக்காடும், பெருநாளைக்கு மட்டும் வெளியே வரும் காலணியுமாக நின்றவள் அவனுடைய அண்ணன் மனைவி.

"ஒருத்தர்தான்," என்றாள் ஷமிருன்.

துரூத்தின் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. "அண்ணி, என்ன இது? பின்பக்கமா வாங்க. அண்ணன் உள்ளதான் இருக்காரு," என்று தங்கள் வங்கதேசத்து ஊர் மொழியான சில்ஹெட்டியில் கிசுகிசுத்தான்.

"பின்பக்கத்துக்கு எனக்கு வழி தெரியும். ஜன்னலோரமா ஒரு மேஜை குடு."

"கம்பெனிக்காரம்மா வந்து உக்காந்திருக்காங்க அண்ணி..."

"நானும் உக்காரத்தான் வந்திருக்கேன். கோட்டை வாங்கிக்க மாட்டியா? மத்தவங்களுக்கெல்லாம் வாங்கி மாட்டுவியே."

அவன் வாங்கிக்கொண்டான். வேறு வழி தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி. பன்னிரண்டு மேஜைகளில் ஒன்பது நிரம்பியிருந்தன. அப்பளம் உடையும் சத்தம் நாலா பக்கமும் கேட்டது. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலோர மேஜைக்குப் போகும் அந்தப் பத்தடி தூரம் சிவப்புக் கம்பளத்தில் நடக்கும்போது, கம்பளம் இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று தனக்குத் தெரியாதே என்று நினைத்துக்கொண்டாள். காலையில் நாற்காலிகள் கவிழ்ந்து கிடக்கும் நேரத்தில் உள்வாசலில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறாள். கால் வைத்ததில்லை.

லிங்கன்ஷயரில் தோர்ன்பெக் என்ற அந்தச் சின்ன ஊரில் 'ஷாஹி மயில்' திறந்து இருபத்தாறு வருஷம். அந்த இருபத்தாறு வருஷமும் ஷமிருன் அதன் மாடியில்தான் குடியிருந்தாள். வந்த முதல் வாரமே அவள் புருஷன் மொஸப்பிர் சொல்லிவிட்டார்: பீர் ஊற்றும் இடம், வெள்ளைக்காரர்கள் குடித்துவிட்டு ஆடும் இடம், வீட்டுப் பொம்பளை அங்கே தலைகாட்டினால் பள்ளிவாசலில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பின்பக்கம் குப்பைத்தொட்டிச் சந்தில் இறங்கும் இரும்புப் படிக்கட்டுதான் அவளுக்கு வாசல். அந்தப் படியில்தான் மகள் நஜ்மினைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் படியில்தான் இரண்டு தடவை ஊர்ப் பையன்கள் மாடி ஜன்னலில் எறிந்த கல்லால் உடைந்த கண்ணாடித் தூளைப் பெருக்கினாள். அந்த ஊர் அப்படித்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கறி இல்லாவிட்டால் அவர்களுக்கு வாரம் முடியாது; கறி சமைக்கிறவன் தங்கள் தெருவில் வீடு வாங்கினால் மட்டும் தூக்கம் வராது. மெனு அட்டையில் இருக்கும் பெயர்களும் அவர்களுக்காக வைத்ததுதான். மெட்ராசை அந்தக் குடும்பத்தில் யாரும் வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை. காரம் கொஞ்சம் கூடினால் அது மெட்ராஸ், கண்ணில் தண்ணீர் வந்தால் விந்தாலு, பாலேட்டை ஊற்றிவிட்டால் கோர்மா. அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கணக்கில் அடங்காத ஒன்றே ஒன்று மெனுவில் இருந்தது. மயில் ஸ்பெஷல். அது ஷமிருனுடையது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாள் மதியம், அப்போதிருந்த சமையல்காரன் மொஸப்பிரோடு சண்டை போட்டுக்கொண்டு கரண்டியை எறிந்துவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கென்று பார்த்து ஒரு பேருந்து நிறைய ஓய்வு பெற்ற கிழவர்கள் நாற்பது பேர், முன்பதிவு செய்தவர்கள், நனைந்துகொண்டு வந்து இறங்கினார்கள். மொஸப்பிர் மாடிக்கு ஓடி வந்து வாசலில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை, நின்றார், அவ்வளவுதான். ஷமிருன் மாடி அடுப்பில் நான்கு பெரிய தேக்சாக்களை ஏற்றினாள். அவள் ஊரில் மாட்டிறைச்சிக்கு சாத்கொரா என்று ஒரு புளிப்புக் காயின் தோலைப் போடுவார்கள். அது தோர்ன்பெக்கில் எங்கே கிடைக்கும்? வீட்டிலிருந்த கிரேப்ஃப்ரூட் பழத்தை, நம் பம்பளிமாசின் தம்பி என்று சொல்லலாம், தோல் சீவி மூன்று தண்ணீரில் வேகவைத்துக் கசப்பை இறக்கினாள். முழுக்க இறக்கவில்லை. ஒரு நூல் கசப்பை மிச்சம் வைத்தாள். அதோடு பச்சை மிளகாயும் வதக்கிய வெங்காயமும் கடுகெண்ணெயும் சேர்த்து அரைத்த விழுதை ஆட்டிறைச்சியில் போட்டாள். கிழவர்கள் தட்டை வழித்துவிட்டு இரண்டாம் முறை கேட்டார்கள். அடுத்த வாரம் அது மெனுவில் ஏறியது. அதற்கப்புறம் எத்தனை சமையல்காரர்கள் வந்து போனார்கள்! ஒருவனுக்கும் அந்தக் கசப்பை எங்கே நிறுத்துவது என்று பிடிபடவில்லை. அதனால் வாரத்தில் மூன்று நாள், அவள் மாடியில் விழுது அரைத்து, மூடி போட்ட வெள்ளை வாளியில் நிரப்பி, இரும்புப் படியில் இறக்கி வைப்பாள். துரூத் எடுத்துக்கொண்டு போவான். இதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழே ஆட்கள் பேசுவது தரைப்பலகை வழியாகக் கேட்கும். ஒரு கட்டத்தில் பேச்சு நின்று கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். அது போதும் என்றுதான் நினைத்திருந்தாள்.

வியாழக்கிழமை வட்டாரப் பத்திரிகை வந்தது. முழுப் பக்கம். மொஸப்பிர் கோட்டும் டையுமாக மயில் படத்துக்கு முன்னால் நிற்கிறார். கையில் ஒரு சட்டம் போட்ட பழைய புகைப்படம். 'மயில் ஸ்பெஷல் என் அம்மாவின் கைப்பக்குவம். பியானிபஜாரில் எங்கள் வீட்டு அடுப்பில் அம்மா சொல்லிக்கொடுத்தது. அவர் நினைவாகவே இந்த உணவகம்.' அதற்குக் கீழே இன்னொரு செய்தி: ஒரு பெரிய மசாலாக் கம்பெனி மயில் ஸ்பெஷலைக் குப்பியில் அடைத்து நாடு முழுக்கக் கடைகளில் வைக்கப்போகிறது. பெயர்கூட முடிவாகிவிட்டது. 'மதர் மொயரம்'. லேபிளில் அந்தப் புகைப்படம்.

ஷமிருன் பத்திரிகையைச் சமையல் மேஜையில் விரித்து வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்தாள். மொயரம் பீபி அவளுடைய மாமியார். விசா வரும்வரை நான்கு வருஷம் அந்த மனுஷியோடு பியானிபஜார் வீட்டில் இருந்தவள் ஷமிருன். மொயரம் பீபி தன் ஆயுளில் அடுப்பு மூட்டியதில்லை. வேலைக்கு ஆள் இருந்தது, ஆளை விரட்ட நாக்கு இருந்தது. மருமகள் ஏழை வீட்டுப் பெண் என்பதால் அவள் கைச் சோற்றைத் தொட மாட்டாள். ஒரு நாள் விருந்தாளிகள் வந்திருந்தபோது ஷமிருன் ஆசையாகப் பருப்புக் கடைந்து கொண்டுவந்து வைத்தாள். மாமியார் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். எழுந்து வாசலுக்குப் போய், பாத்திரத்தோடு முற்றத்து வாத்துகளுக்கு முன்னால் கவிழ்த்தாள். "பிச்சைக்கார வீட்டுக் கை. வாத்துக்குத்தான் ஆகும்," என்றாள். விருந்தாளிகள் சிரித்தார்கள். விடுமுறைக்கு வந்திருந்த மொஸப்பிரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் இல்லை.

லெஸ்டரில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நஜ்மின் போனில், "விடும்மா. அப்பாவுக்கு விளம்பரம் வேணும். பாட்டி கதைன்னா வெள்ளைக்காரங்க உருகுவாங்க, அதான்," என்றாள். "உனக்குப் பேர் வேணும்னா நான் அப்பாகிட்ட பேசறேன்." ஷமிருன் வேண்டாம் என்று போனை வைத்தாள். பெயர் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வேறு யார் பெயரைப் போட்டிருந்தாலும் பொறுத்திருப்பாள். தெருவில் போகிறவள் பெயரைப் போட்டிருக்கலாம். மயில் பெயரை மட்டும் போட்டிருக்கலாம். இரண்டு நாள் மொஸப்பிரிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஞாயிறு காலை படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. "கம்பெனிக்காரம்மா ஒரு மணிக்கு வர்றாங்க. வாளி ரெடியா?" "வரும்," என்றாள் ஷமிருன். பிறகு குளித்தாள். நல்ல உடை உடுத்தினாள். ஒரு மணி ஆகும்போது வெறுங்கையோடு இரும்புப் படியில் இறங்கி, சந்தைச் சுற்றி, கடைத்தெருவுக்கு வந்து, முன்வாசல் கதவைத் தள்ளினாள்.

மூன்று மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தவள்தான் கம்பெனிக்காரம்மா. ஃபிலிப்பா என்று பெயர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மஞ்சள் சால்வை, மேஜையில் ஒரு சின்ன நோட்டு. அவளுக்கு எதிரே அந்தப் புகைப்படம் சட்டத்தோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. படத்துக்குள்ளிருந்து மொயரம் பீபி அந்த உணவகத்தைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தாள்.

உள்கதவைத் தள்ளிக்கொண்டு மொஸப்பிர் வந்தார். வாளியைத் தேடி மாடிக்கு ஏறி இறங்கியிருக்க வேண்டும், நெற்றி வேர்த்திருந்தது. துரூத் கண்ணால் ஜன்னலைக் காட்டினான். மொஸப்பிர் பார்த்தார். அப்புறம் வாடிக்கையாளரிடம் போகும் நடையில், கைகளைக் கோத்துக்கொண்டு, ஃபிலிப்பாவைப் பார்த்து ஒரு தலையசைப்பும் போட்டுவிட்டு வந்து, அவள் மேஜையருகே குனிந்தார். பல் தெரிந்தது. குரல் மட்டும் வேறாக இருந்தது.

"வாளி எங்கே?"

"எந்த வாளி?"

"நான் சிரிச்சிக்கிட்டே கேக்கறேன் ஷமிருன். எல்லாரும் பாக்கறாங்க. வாளி எங்கே?"

"உங்க அம்மாகிட்ட கேளுங்க. அவங்கதானே சொல்லிக்குடுத்தாங்க."

"பத்திரிகைக்காரன் கிட்ட ஏதோ ஒண்ணு சொல்லணும். சொன்னேன். அதுக்கு இப்படியா? செத்துப்போனவங்க மேல இன்னும் என்ன கோவம் உனக்கு?"

"செத்துப்போனவங்களைக் குப்பி மேல ஒட்டப்போறது நீங்க. நான் இல்ல."

"எழுந்திரு. மேல போ."

"சாப்பிட வந்திருக்கேன் நஜ்மின் அப்பா. ஒரு மயில் ஸ்பெஷல். ஒரு சாதா சோறு. தண்ணி குழாய்த் தண்ணியே போதும்."

அவர் விரல்கள் மேஜை விரிப்பின் ஓரத்தைப் பிடித்திருந்தன. இன்னும் கொஞ்சம் இழுத்தால் கண்ணாடிக் குவளை விழும். விட்டுவிட்டார். நிமிர்ந்து, ஆங்கிலத்தில் சத்தமாக, "நிச்சயமா மேடம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். உள்கதவு இரண்டு முறை ஆடி நின்றது. அதற்குப் பின்னால் புதுச் சமையல்காரன் ஃபொய்ஸலின் குரலும் பாத்திரம் உருளும் சத்தமும் கேட்டன.

"முதல் தடவையா வர்றியா, டக்?"

பக்கத்து மேஜைக்காரர்தான். எழுபது வயதிருக்கும், சிவந்த கழுத்து, பெரிய கைகள். மால்கம். முன்னே டிராக்டர் பாகங்கள் விற்றவர். மனைவி செத்த பிறகு ஞாயிறு தவறாமல் இங்கேதான் சாப்பாடு. ஷமிருனுக்கு அவர் முகம் தெரியாது, குரல் தெரியும். தரைப்பலகை வழியாகக் கேட்ட குரல்களிலேயே பெரியது அதுதான். தண்ணீர் வர இரண்டு நிமிஷம் தாமதமானால் துரூத்தைக் 'கறிப்பய' என்று கூப்பிடும் குரல். அந்த ஊரில் பெண்களைப் பிரியமாக டக் என்பார்கள், வாத்து என்று. வந்த புதிதில் தபால்காரர் அப்படிக் கூப்பிட்டபோது கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறாள்.

"ஆமா," என்றாள் ஆங்கிலத்தில்.

"மயில் ஸ்பெஷல்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. பாத்து. அது உங்காளுங்க வீட்டுல செய்யற மாதிரி இருக்காது. இது அசலு. முதல்ல நாக்குல புளிக்கும், அப்புறம் கொஞ்சம் கசக்கும். கசக்குதேன்னு விட்டுடாதே. கொஞ்ச நேரம் பொறுத்தா உறைப்பு வரும். ரொட்டியைக் கிழிச்சுத் தொட்டுக்கணும். சோத்துல போட்டுப் பிசைஞ்சா கெட்டுப்போயிடும்." பெரிய விரல்களால் கிழித்துக் காட்டினார். "பழகிக்குவ."

"ரொம்ப நன்றி," என்றாள் ஷமிருன்.

இருபது நிமிஷம் ஆயிற்று. துரூத் மூன்று தட்டுகளோடு வந்தான். ஒன்றை ஃபிலிப்பாவுக்கு முன்னால், ஒன்றை மால்கமுக்கு முன்னால் வைத்துவிட்டு, மூன்றாவதைக் கொண்டுவந்து ஷமிருன் முன்னால் வைக்கும்போது உதடு அசையாமல் சொன்னான். "சாப்பிடாதீங்க அண்ணி. மர்மலேட். நாஷ்டாவுக்கு ரொட்டியில தடவுற ஆரஞ்சு மர்மலேட். அண்ணன்தான் போடச் சொன்னாரு."

அவள் கரண்டியை எடுத்தாள். குழம்பு பளபளவென்று கண்ணாடி மாதிரி மின்னியது. வாயில் வைத்தாள். முதலில் சர்க்கரை. அப்புறம் தக்காளி. அதற்கும் அப்புறம், ஏதோ நினைவு வந்த மாதிரி, ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சு. கசப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வழவழப்புத்தான் இருந்தது. அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கெட்ட சந்தோஷம் எழுந்தது. மெல்லத் தலையைத் திருப்பி ஃபிலிப்பாவைப் பார்த்தாள்.

ஃபிலிப்பா கண்ணை மூடியிருந்தாள். திறந்தாள். "ஓ! அற்புதம்," என்றாள். இன்னொரு கரண்டி எடுத்தாள். "மொஸப்பிர், இது நான் எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ நல்லா இருக்கு. அந்த இனிப்பு! கசக்கும்னு சொன்னாங்களே, எங்களுக்கு அதான் பயமா இருந்துச்சு. பிள்ளைங்களும் சாப்பிடுவாங்க இதை." நோட்டில் வேகமாக ஏதோ எழுதினாள்.

மொஸப்பிர் ஃபிலிப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவள் தலைக்கு மேலாக மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பார்த்தாயா, நீ இல்லாமலும் நடக்கும், எப்போதுமே நடந்திருக்கும், இருபத்திரண்டு வருஷமாக ஒரு ஜாடி மர்மலேட்டு செய்திருக்கக்கூடிய வேலைக்கா நீ கை வெந்தாய் என்று அது பரிவாகக் கேட்டது. ஷமிருன் தன் கைகளைப் பார்த்தாள். மிளகாய் அரைத்து அரைத்து நகக்கண்கள் மங்கிப்போயிருந்தன. எண்ணெய் தெறித்த தழும்புகள் மணிக்கட்டு வரை. தரைப்பலகை வழியாக இத்தனை வருஷம் கேட்ட கரண்டிச் சத்தம் எதற்காக எழுந்தது என்று இப்போது சந்தேகம் வந்தது. இவர்கள் எதை வைத்தாலும் இப்படித்தான் சாப்பிட்டிருப்பார்களோ? எழுந்து போய்விடலாம் என்று மேஜையைப் பிடித்தாள்.

"ஏய்! யாரங்கே!"

மால்கம் தட்டை ஒரு முழம் தள்ளி வைத்திருந்தார். துரூத் ஓடி வந்தான்.

"என்னய்யா இது? ஜாமா?"

"ஸ்பெஷல் சார், நீங்க எப்பவும் சாப்பிடற..."

"எப்பவும் சாப்பிடறது எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமா சாப்பிடறேன். எம் பொண்டாட்டி சாகறதுக்கு முன்னாடி வேற எதுவும் இறங்காம இதைத்தான் ரெண்டு வாய் கேட்டா. இது அது இல்ல. பள்ளிக்கூடத்துப் புட்டிங்கு. தூக்கிட்டுப் போ."

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஃபிலிப்பாவின் பேனா நின்றது. மொஸப்பிர் இரண்டே எட்டில் வந்தார். "மன்னிக்கணும் மால்கம். இன்னிக்குச் சமையல்காரர் புதுசு. கொஞ்சம் கைமாறிப்போச்சு."

"அப்ப வழக்கமா பண்றவன் எங்கே? அவன் இன்னிக்கு லீவா?"

"ஆமா, இன்னிக்கு..."

"லீவு இல்ல," என்றாள் ஷமிருன்.

அவளுடைய ஆங்கிலம் தொலைக்காட்சியில் சமையல் போட்டிகள் பார்த்துக் கற்றது. திருத்தமாகத்தான் வந்தது. எழுந்து நின்றாள். "வழக்கமா பண்றவ இங்கதான் இருக்கா. இன்னிக்கு அவ சாப்பிட வந்திருக்கா."

மால்கம் அவளைக் கால் முதல் முக்காடு வரை பார்த்தார். சற்று முன் அவளுக்கு ரொட்டி கிழிக்கக் கற்றுக்கொடுத்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கழுத்துச் சிவப்பு காது வரை ஏறியது. ஆனால் மன்னிப்புக் கேட்கும் ஆள் இல்லை அவர். "நீயா?" என்றார். "அப்புறம் இங்க உக்காந்து என்ன பண்றே? எழுந்து உள்ள போய் ஒழுங்கா செய்யி. எனக்குப் பசிக்குது."

யாரோ சிரித்தார்கள். ஃபிலிப்பா மொஸப்பிரையும் ஷமிருனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அவள் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. "மொஸப்பிர், இவங்க உங்க மனைவியா? சொல்லவே இல்லையே! இது இன்னும் அழகான கதை ஆச்சே. மாமியார் கைப்பக்குவம் மருமக கைக்கு வந்திருக்கு! ரெண்டு தலைமுறை, ரெண்டு பொம்பளைங்க. லேபிள்ல ரெண்டு பேர் முகமும் பக்கத்துப் பக்கத்துல! ருசியை மட்டும் இதே மாதிரி இனிப்பா வெச்சுக்கலாம்."

"அதேதான், அதேதான்," என்றார் மொஸப்பிர் உடனே. "அம்மாதான் இவளுக்கு எல்லாம் சொல்லிக்குடுத்தாங்க. பெத்த மக மாதிரி. இவ கூச்சப்படுவா, அதான் வெளிய வர்றதில்ல." பிறகு அவள் பக்கம் திரும்பி, சில்ஹெட்டியில், இத்தனை வருஷத்தில் அவள் அதிகம் கேட்டிராத மெல்லிய குரலில், "உன் முகமும் வருது ஷமிருன். நாடு முழுக்க. ஆமான்னு தலையாட்டு, போதும்," என்றார்.

எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தெரியாத இருபது முப்பது முகங்கள். ஒரு தலையாட்டலுக்காகக் காத்திருந்தார்கள். அப்புறம் கைகூடத் தட்டியிருப்பார்கள். சட்டத்துக்குள்ளிருந்து மொயரம் பீபி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படம் எடுத்த நாள் ஷமிருனுக்கு நினைவிருந்தது. மாமியாருக்கு முக்காடு சரிசெய்து விட்டவள் அவள்தான். கை பட்டதும், தோளைச் சுருக்கிக்கொண்டாள் கிழவி.

"அவங்க எனக்கு ஒண்ணும் சொல்லிக்குடுக்கல," என்றாள் ஃபிலிப்பாவிடம். "அவங்களுக்கு அடுப்பு மூட்டத் தெரியாது. நான் சமைச்ச பருப்பை விருந்தாளிங்க முன்னாடி எடுத்துட்டுப் போய் வாத்துக்குக் கொட்டினாங்க."

ஃபிலிப்பாவின் சிரிப்பு பாதி வழியில் நின்றது. "வாத்துக்கா?"

"ஆமா. வாத்து எல்லாத்தையும் சாப்பிட்டுச்சு. உங்களை மாதிரியே அதுக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

மால்கம் மட்டும் சிரித்தார். வெடித்துச் சிரித்து இருமினார். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. ஃபிலிப்பா நோட்டை மூடினாள். மூடிய நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, இதில் எதை நம்புவது என்று கேட்பதுபோல மொஸப்பிரைப் பார்த்தாள்.

மொஸப்பிரின் பல் இப்போது தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளில் முதல் முறையாக அந்தக் கூடத்தில் அவர் தன் சொந்த முகத்தோடு நின்றார். "மேல போ," என்று கத்தினார், சில்ஹெட்டியில். அந்த மொழி தெரியாதவர்களுக்கும் அது புரிந்தது. "இப்பவே மேல போ. போகலேன்னா இனிமே மேல வராதே. கேட்டுச்சா? எங்க அம்மாவைச் சபையில நிறுத்திப் பேசினவளுக்கு என் வீட்டுல எடமில்ல."

"அன்னிக்கு என்னைச் சபையில நிறுத்தினப்ப நீங்க அங்கதான் உக்காந்திருந்தீங்க," என்றாள் ஷமிருன். "எழுந்திருப்பீங்கன்னு பாத்தேன். முப்பது வருஷம் ஆச்சு. இன்னிக்குத்தான் எழுந்திருக்கீங்க. அதுவும் அவங்களுக்காக."

ஷமிருன் கைத்துடைப்புத் துணியை மடித்துத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். துரூத் கோட்டை எடுத்து வந்து, கைகள் நுழைவதற்கு வாகாக விரித்துப் பிடித்தான். வேறு எந்த மேடத்துக்கும் பிடிப்பதுபோலத்தான் பிடித்தான். "எங்க அண்ணி போவீங்க?" என்று கேட்டான். அவளுக்கே தெரியாததை அவனிடம் எப்படிச் சொல்வது? மணி அடிக்க, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

கடைத்தெருவில் ஆட்கள் இரண்டு பக்கமும் நடைபாதையில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். ஏதோ சைக்கிள் பந்தயம். லிங்கன் நகரிலிருந்து கடற்கரைக்கு என்று ஒரு பதாகை சொன்னது. மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் அவளைப் பார்த்து, "சீக்கிரம் தாண்டிடும்மா, வந்துட்டாங்க," என்று கையசைத்தார். அவள் ஓடினாள். ஓடி எத்தனை வருஷம் ஆயிற்று! எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறியபோது மூச்சு வாங்கியது. நாக்கில் இன்னும் அந்த இனிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். ஷாஹி மயிலின் கதவு திறந்து, மொஸப்பிர் வெளியே வந்திருந்தார். கோட்டும் டையுமாக, தலைமுடி கலைந்து, கூட்டத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினார். அவளைக் கண்டதும் சாலையில் இறங்கினார். அதற்குள் முதல் சைக்கிள்கள் வந்துவிட்டன. மஞ்சள் சட்டைக்காரர் அவர் நெஞ்சில் கை வைத்து நடைபாதைக்குத் தள்ளினார். சிவப்பும் நீலமும் ஆரஞ்சுமாக, குனிந்த முதுகுகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. பத்து, ஐம்பது, நூறு. சங்கிலிகளின் கிர்ரென்ற சத்தம் தெருவை நிறைத்தது. முதுகுகளுக்கு நடுவே விழும் இடைவெளிகளில் அவர் முகம் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. கையைத் தூக்கி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கூப்பிடுகிறாரா, திட்டுகிறாரா என்று கேட்கவில்லை. ஷமிருனைச் சுற்றி எல்லோரும் முன்பின் தெரியாத அந்தச் சைக்கிள்காரர்களுக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவளுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்தாள். சைக்கிள்கள் வந்துகொண்டே இருந்தன.